பழைய இசைத்தட்டின் புதிய விலை யாருக்கு?

2020-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏழு அங்குல விட்டம் கொண்ட ஒரு வினைல் இசைத்தட்டு 1,00,000 பவுண்டுக்குக் கைமாறியது. மூன்று நிமிடங்களுக்கும் குறைவாக ஒலிக்கும் 'டூ ஐ லவ் யூ' என்ற பாடல் அதில் பதிவாகியிருந்தது. பாடியவர் ஃபிராங்க் வில்சன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த மோடவுன் நிறுவனம் 1965-இல் முன்னோட்டமாகச் சில பிரதிகளை மட்டும் அச்சிட்டுவிட்டு, வெளியீட்டைக் கைவிட்டது. அச்சிட்டவை அழிக்கப்பட்டன, இரண்டே பிரதிகள் எஞ்சியதாக நெடுங்காலம் நம்பப்பட்டது.

அவற்றுள் ஒன்று 2009-இல் ஏலத்துக்கு வந்து 25,742 பவுண்டுக்கு விற்பனையானது. அப்போது வில்சன் உயிருடன் இருந்தார். அந்தத் தொகையில் ஒரு காசு பெறவும் சட்டப்படி அவருக்கு உரிமை இருக்கவில்லை. 2012-இல் அவர் காலமானார். எட்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு விற்பனையில் விலை ஒரு லட்சம் பவுண்டை எட்டியபோது அவருடைய வாரிசுகளின் நிலையும் அதுவே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இதே ஒலிப்பதிவு 1979-இல் பிரிட்டனில் முறையாக வெளியிடப்பட்டது. இன்று எவரும் சில காசு செலவில், அல்லது செலவே இன்றி, அப்பாடலைக் கேட்டுவிட முடியும். ஆகவே ஒரு லட்சம் பவுண்ட் என்பது பாடலைக் கேட்பதற்கான விலை அன்று. அந்தக் குறிப்பிட்ட பிளாஸ்டிக் தட்டைத் தனதாக்கிக் கொள்வதற்கான விலை அது. ஆனால், பாடல் இல்லையென்றால் அந்தத் தட்டை எவர் பொருட்படுத்துவார்? பாடலால் உண்டான மதிப்பு, பாடியவரைத் தவிர மற்றவர்களிடம் சென்று சேர்வது ஏன்? விலைக் கோட்பாட்டை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையிலும், ஏறத்தாழ அதே காலம் பழைய இசைத்தட்டுகளைச் சேகரித்து வருபவன் என்ற முறையிலும் இந்தக் கேள்வியை ஆராய விழைகிறேன்.

முதலில், இந்தச் சேகரிப்பு உலகைப் பற்றிச் சற்றுக் கூற வேண்டும். நிமிடத்துக்கு 33 1/3 முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948-இல் அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 முறை சுழலும் ஏழு அங்குலச் சிறிய தட்டைக் கொண்டுவந்தது. முன்னது இசைத்தொகுப்புகளுக்கும் பின்னது தனிப்பாடல்களுக்கும் உரியதாயிற்று. 1960-களிலும் 1970-களிலும் பெருகிய நான்கு இசை வகைகள் இன்றைய சேகரிப்பாளர்களைப் பெரிதும் ஈர்க்கின்றன. கருப்பினத் தேவாலய இசையின் உருக்கத்தைக் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்தது சோல். மெட்டைவிடத் தாளத்தை முன்னிறுத்தியது ஃபங்க். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தது ரெகே. கிட்டாரை மையமாகக் கொண்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வளர்ந்தது ராக்.

குறுந்தகடு வந்ததும் வினைல் மறைந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். நடந்தது வேறு. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் கணக்குப்படி, 2022-இல் அந்நாட்டில் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, குறுந்தகடுகளோ 3.3 கோடி. 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அதுவே முதல் முறை. ஆனால் இந்தக் கணக்கில் வருபவை புதிய தட்டுகள் மட்டுமே. பழைய தட்டுகளின் கைமாற்றம் இதற்கு வெளியே நடக்கும் ஒரு தனிச் சந்தை. கலைஞருக்கு எதுவும் சேராத சந்தையும் அதுதான்.

அந்தச் சந்தையில் விலை எவ்வாறு அமைகிறது? பொருளியல் முன்னோடி டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட தம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே இதற்கான திறவுகோலைத் தந்துவிட்டார். பெரும்பாலான பொருள்களின் மதிப்பை அவற்றை உண்டாக்கத் தேவைப்படும் உழைப்பைக் கொண்டு விளக்கிய அவர், அரிய சிலைகள், ஓவியங்கள், நூல்கள், நாணயங்கள் போன்றவற்றுக்கு விலக்களித்தார். இவற்றை எவ்வளவு உழைத்தாலும் இனிப் பெருக்க முடியாது. எனவே இவற்றின் மதிப்புக்கும் முதலில் செலவான உழைப்புக்கும் தொடர்பில்லை. வாங்க விரும்புவோரின் செல்வத்தையும் விருப்பத்தையும் பொறுத்தே அது மாறும் என்றார் அவர்.

முதற்பதிப்பு இசைத்தட்டு இந்த வகையைச் சேர்ந்தது. பாடலை ஆயிரம் முறை மறுபதிப்பு செய்யலாம். 1965-இல் அச்சான தட்டை இன்று அச்சிட முடியாது. எண்ணிக்கை கூடாது என்பது மட்டுமன்றி, உடைந்தும் வளைந்தும் கீறல் விழுந்தும் அது ஆண்டுதோறும் குறைகிறது. அளிப்பு சுருங்க, தேவை பெருக, விலை ஏறுவதில் வியப்பில்லை.

ஒரே இசைத்தொகுப்பின் வெவ்வேறு அச்சுகளுக்கு இடையிலும் பெரும் விலை வேறுபாடு உண்டு. லெட் செப்பலின் குழுவின் இரண்டாம் தொகுப்பு 1969-இல் வந்தபோது, அதற்கான மூலத்தட்டை ராபர்ட் லுட்விக் என்ற பொறியாளர் மிகுந்த ஒலிவீச்சுடன் செதுக்கினார். மலிவான கருவிகளில் ஊசி தாவுகிறது என்று கூறி, நிறுவனம் அதைக் கைவிட்டு அடக்கமான வேறொரு மூலத்தட்டைச் செதுக்கச் செய்தது. முதலில் வந்த தட்டுகளில், பாடல் முடிந்து ஒட்டுத்தாள் தொடங்கும் முன்னுள்ள வெற்று வளையத்தில், அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டெழுத்து இருந்தால் விலை பல மடங்கு. அனுபவமுள்ள சேகரிப்பாளர் உறையைப் பார்ப்பதற்கு முன்பே தட்டை வெளிச்சத்தில் சாய்த்து அந்த வளையத்தைப் படிப்பது இதனால்தான்.

தட்டின் நிலையும் முக்கியம். கீறலை ஊசிதான் காட்டிக்கொடுக்கும். தொலைவிலிருந்து வாங்குபவருக்கு அது தெரியாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்குலையும் என்பதைப் பழைய மோட்டார் வாகனங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் விளக்கினார். இசைத்தட்டுச் சந்தை இதற்குத் தரநிலைப் பட்டியல் ஒன்றை உருவாக்கிக் கொண்டது. புதியது போன்றது, மிக நன்று, நன்று என்று அது படிப்படியாக இறங்கும். 2000-இல் தொடங்கப்பட்ட டிஸ்காக்ஸ் இணையதளம் ஒவ்வொரு தட்டின் அச்சு விவரத்தையும் விற்பனை விலைகளையும் பொதுவில் வைத்தது. இதனால் அறியாமையைக் கொண்டு ஆதாயம் பார்ப்பது ஓரளவு குறைந்தது.

இனி மையமான செய்திக்கு வருவோம். பழைய இசைத்தட்டுகளுள் பெருவிலை பெறுபவை, பொதுவாக, வெளிவந்த காலத்தில் நன்கு விற்றவை அல்ல. லட்சக்கணக்கில் விற்ற தட்டு இன்றும் பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும். விற்காமல் போனது, வானொலி ஒலிபரப்பாதது, நிறுவனம் பாதியில் கைவிட்டது, ஊருக்குள்ளேயே முடங்கிப் போனது ஆகியவையே அரியவை. அதாவது, அன்று அந்தக் கலைஞர் அடைந்த தோல்விதான் இன்றைய விலைக்கு மூலதனம். அவருடைய இழப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது பின்னாளில் பிறர் அடையும் லாபம். இத்தகைய தலைகீழ் உறவை வேறு சந்தைகளில் அரிதாகவே காண முடியும்.

இங்கிலாந்தின் வடபகுதியில் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி வளர்ந்த 'நார்தர்ன் சோல்' இயக்கம் இதற்குத் தெளிவான சான்று. தொழிற்சாலை நகரங்களின் இளைஞர்கள் வார இறுதியில் விடிய விடிய நடனமாடினர். 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கேசினோ அரங்கம் இதில் பெயர் பெற்றது. அங்கு போற்றப்பட்டவை அமெரிக்காவில் எவரும் கண்டுகொள்ளாத பாடல்கள். இசைத்தட்டுகளைச் சுழலவிடும் டி.ஜே.க்கள் அரிய தட்டு கிடைத்தால் நடுவிலுள்ள ஒட்டுத்தாளை மறைத்து, கற்பனையான ஒரு பாடகர் பெயரையும் பாடல் பெயரையும் சூட்டிவிடுவர். போட்டியாளர் அதே தட்டைத் தேடிப் பிடித்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

இந்த உத்தி அதற்கு முன்பே கிங்ஸ்டனில் வழக்கத்தில் இருந்தது. 1950-களில் அங்கு பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுவி நடனக் கூட்டம் நடத்துபவர்கள் அமெரிக்கத் தட்டுகளை வாங்கி வருவார்கள். காக்ஸன் என்று அறியப்பட்ட கிளெமென்ட் டாட், சாக்ஸஃபோன் கலைஞர் வில்லிஸ் ஜாக்சனின் தட்டு ஒன்றின் ஒட்டுத்தாளைச் சுரண்டிவிட்டு, அதைக் 'காக்ஸன் ஹாப்' என்று தன் பெயரிலேயே அழைத்தார். போட்டியாளர் டியூக் ரீட் அதைக் கண்டுபிடிக்கும் வரையில் கூட்டத்தை ஈர்த்தது அந்த ரகசியம்தான்.

பொருளியல் மொழியில் கூறினால், இது தகவலை மறைத்துப் பெறும் வாடகை. நடைமுறையில் இதன் பொருள் ஒன்றே. இசையைக் கொண்டாடிய கூட்டத்தின் முன்பாகவே இசைத்தவரின் பெயர் அழிக்கப்பட்டது. கொண்டாட்டம் இருந்தது, கொண்டாடப்பட்டவர் யார் என்பது அவருக்கே தெரியவில்லை.

அன்றைக்கே உரிய ஊதியம் கிடைத்திருந்தால் பின்னாள் லாபத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அன்றைய ஊதியத்தின் கதை அப்படி இல்லை.

குடும்ப நிதியிலிருந்து 800 டாலர் கடன் பெற்று 1959-இல் மோடவுனைத் தொடங்கினார் பெர்ரி கோர்டி. அங்கு நூற்றுக்கணக்கான வெற்றிப் பாடல்களுக்கு வாசித்தவர்கள் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்ற இசைக்கலைஞர் குழுவினர். அவர்கள் வாசிப்புக்குக் கூலி பெற்றவர்கள். விற்பனையில் பங்கு பெற்றவர்கள் அல்லர். தட்டு உறைகளில் அவர்கள் பெயர்கூட இடம்பெறவில்லை. மார்வின் கே 1971-இல் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பின் உறையில்தான் அவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்தது. பாஸ் கிட்டார் வாசிப்பின் இலக்கணத்தையே மாற்றியவராகக் கருதப்படும் ஜேம்ஸ் ஜேமர்சன் 1983-இல் மறைந்தார். அந்தக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் வெளிவந்தது 2002-இல்; கிராமி அமைப்பு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது 2004-இல்.

கலைஞர்கள் மட்டுமல்லர், சிறு நிறுவனங்களும் ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்தில் வீழ்ந்தன. மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனம் சோல் இசையின் மற்றொரு கோட்டை. அது தன் தட்டுகளை விநியோகிக்க அட்லாண்டிக் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில், மூல ஒலிப்பதிவுகளின் உரிமை அட்லாண்டிக்குக்கே சேரும் என்ற பிரிவு இருந்தது. 1968-இல் உறவு முறிந்தபோதுதான் அதன் பொருள் முழுதாக விளங்கியது. அதுவரை விநியோகமான தட்டுகள் கைவிட்டுப் போயின. 1975-இன் இறுதியில் ஸ்டாக்ஸ் நொடித்துப் போனது.

ஃபங்க் இசையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஒரு பாடலில் பொதுவாக இரு உரிமைகள் உள்ளன. ஒன்று, பாட்டையும் மெட்டையும் இயற்றியவருக்கு உரியது. மற்றொன்று, ஒலிப்பதிவுக்கு உரியது. அது பெரும்பாலும் நிறுவனத்திடம் இருக்கும். தாளத்தை உருவாக்கி வாசித்தவர் இவ்விரண்டிலும் இடம்பெறுவதில்லை. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1970-இல் வெளியானது. அதில் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த டிரம் தாளத்தை வெட்டியெடுத்துப் பின்னாளில் நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாடல்களுக்கு அடித்தளமாக்கினர். இயற்றியவராகப் பெயர் பெறாத ஸ்டபிள்ஃபீல்டுக்கு அந்தப் பயன்பாட்டால் உரிமைத்தொகை கிடைக்கவில்லை. 2017-இல் அவர் காலமானார்.

இதைவிடத் துயரமானது 'அமென், பிரதர்' என்ற பாடலின் கதை. வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969-இல் வெளியிட்ட ஒரு தட்டின் பின்பக்கத்தை நிரப்ப வந்த பாடல் அது. அதில் கிரிகரி கோல்மன் ஏறக்குறைய ஆறு விநாடிகள் தனியாக டிரம் வாசித்தார். பிரிட்டனின் நடன இசை வகைகள் சில அந்த ஆறு விநாடிகளின் மீதே எழுந்தன. ஆயிரக்கணக்கான பாடல்கள் அதைப் பயன்படுத்தின. கோல்மன் 2006-இல் வறுமையில், வீடற்ற நிலையில் இறந்ததாக அவருடைய குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் தெரிவித்தார்.

ஜமைக்காவில் பாடகருக்கு ஒரு பாட்டுக்கு ஒரு தொகை என்று கொடுத்து முடித்துவிடுவதே பரவலான வழக்கமாக இருந்தது. 1972-இல் வெளிவந்த 'தி ஹார்டர் தே கம்' திரைப்படத்தில், ஜிம்மி கிளிஃப் ஏற்று நடித்த இளம் பாடகன் தன் பாடலை 20 டாலருக்குத் தயாரிப்பாளரிடம் விட்டுக்கொடுக்க நேரிடுகிறது. கிங்ஸ்டன் இசையுலகை அறிந்தவர்களுக்கு அது கற்பனையாகத் தோன்றவில்லை. ஒருமுறை பதிவான பின்னணி இசையின் மேல் பாடகர் பலரைப் பாடவைத்துப் புதிய தட்டுகள் வெளியிடுவதும் அங்கு இயல்பு. வாசித்தவருக்குக் கூலி ஒருமுறை, விற்பனை பலமுறை. 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டமே 1993 வரை அங்கு நடைமுறையில் இருந்தது. ரெகே இசையின் பொற்காலம் முழுவதும் அந்தப் பழைய சட்டத்தின் கீழ்தான் கழிந்தது.

ஆக, முதல் விற்பனையிலும் பங்கில்லை, மறுவிற்பனையிலும் பங்கில்லை. மறுவிற்பனையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

1908-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு பதிப்பகம் தன் நாவலை ஒரு டாலருக்குக் குறைவாக எவரும் விற்கக் கூடாது என்று நூலிலேயே அச்சிட்டிருந்தது. நியூயார்க் கடையொன்று அதை 89 சென்ட்டுக்கு விற்றது. நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றபின், அந்தப் பிரதியின் அடுத்தடுத்த விற்பனைகள் மீது பதிப்புரிமையாளருக்குப் பிடி இல்லை என்பதே அதன் சாரம். பழைய புத்தகக் கடையும் பழைய இசைத்தட்டுக் கடையும் இந்தக் கொள்கையால்தான் உயிர் வாழ்கின்றன. இது நல்ல கொள்கை. ஏழை மாணவரின் கைக்கு நூல் வந்து சேரும் வழி இதுவே.

ஆனால் ஓவியர்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. பிரெஞ்சு ஓவியர் மில்லே மறைந்தபின் அவருடைய 'ஏஞ்சலஸ்' ஓவியம் பெருந்தொகைக்குக் கைமாறியபோது குடும்பத்துக்கு எதுவும் சேரவில்லை என்ற பேச்சு அந்நாட்டில் நெடுநாள் நிலவியது. 1920-இல் பிரான்ஸ், ஓவியத்தின் மறுவிற்பனையில் ஓவியருக்கும் வாரிசுக்கும் பங்களிக்கும் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் பிறப்பித்த வழிகாட்டு ஆணை அதை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் பொதுவாக்கியது. பிரிட்டனிலும் 2006-இல் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவும் பின்தங்கவில்லை. நமது பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பட்ட 53ஏ பிரிவு, ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு, இலக்கிய, நாடக, இசைப் படைப்புகளின் மூலக் கையெழுத்துப் பிரதிக்கும் இந்த உரிமையை அளிக்கிறது. மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீதத்துக்கு மிகாத பங்கு படைப்பாளிக்கோ வாரிசுக்கோ சேர வேண்டும். ஓர் இசையமைப்பாளர் கைப்பட எழுதிய இசைக்குறிப்புத் தாள் விலை போனால் பங்குண்டு. அதே இசையின் அரிய முதற்பதிப்புத் தட்டு விலை போனால் பங்கில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஓவியம் ஒன்றே ஒன்று. ஓவியரின் வருமானம் அந்த ஒன்றின் விற்பனையில் அடங்கிவிடுகிறது. இசைக்கலைஞர் பல்லாயிரம் பிரதிகள் விற்று ஈட்டலாம் என்று சட்டம் கருதியது. ஆனால் நாம் மேலே கண்ட கலைஞர்கள் பல்லாயிரம் பிரதிகள் விற்று ஈட்டியவர்கள் அல்லர். இரண்டு பிரதிகள் மட்டுமே எஞ்சிய தட்டு, சந்தையைப் பொறுத்தவரை ஓவியமாகவே நடந்துகொள்கிறது. பொருளின் தன்மை மாறிவிட்டது. சட்டத்தின் பார்வை மாறவில்லை.

ஐரோப்பிய ஆணையின்படி முதல் 50,000 யூரோவுக்கு 4 சதவீதம், அதற்கு மேல் 2,00,000 வரை 3 சதவீதம் என்று பங்கு கணக்கிடப்படுகிறது. அதே விகிதத்தைப் பவுண்டில் வைத்துப் பார்த்தால், ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்ற வில்சனின் தட்டுக்கு 3,500 பவுண்ட் வாரிசுகளுக்குச் சேர்ந்திருக்கும். விற்றவருக்கு 96,500 மிஞ்சியிருக்கும். இதனால் எந்தச் சந்தையும் நிலைகுலைந்துவிடாது.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. மறுவிற்பனைப் பங்கில் பெரும்பகுதி ஏற்கெனவே புகழும் பணமும் பெற்றவர்களுக்கே போகும் என்பது ஒன்று. ரிங்கோ ஸ்டார் வைத்திருந்த, முதல் எண் பொறித்த பீட்டில்ஸ் 'வெள்ளைத் தொகுப்பு' 2015-இல் 7,90,000 டாலருக்கு ஏலம் போனதை நினைத்தால் இதில் உண்மை உண்டு. சோல், ரெகே சந்தையில் நிலைமை வேறு. அங்கு பெருவிலை பெறுபவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். பத்து டாலர் தட்டுக்கெல்லாம் கணக்கெழுத முடியுமா என்பது இன்னொன்று. முடியாது, தேவையும் இல்லை. உயர்ந்த வரம்பு ஒன்றை வைத்து, அதற்கு மேற்பட்ட ஏலங்களுக்கு மட்டும் பொருத்தினால் போதும். பெரிய விற்பனைகள் இன்று பதிவேட்டுடன்தான் நடக்கின்றன. பங்கு யாருக்கு, பாடியவருக்கா வாசித்தவருக்கா என்பதே உண்மையில் கடினமான கேள்வி. அதைத் தீர்க்கக் கலைஞர் சங்கங்கள் வேண்டும். பெயர்கள் சரியாகப் பதிவாகவும் வேண்டும்.

சட்டம் வரும்வரை சேகரிப்பாளர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முறையான உரிமம் பெற்ற மறுபதிப்பு என்ற வழி இன்றே திறந்திருக்கிறது. டெட்ராய்ட் பாடகர் ரோட்ரிகஸின் 'கோல்ட் ஃபேக்ட்' 1970-இல் அமெரிக்காவில் விலை போகவில்லை. அவர் கட்டட வேலை செய்து வாழ்ந்தார். அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் அந்தத் தட்டு வீடுதோறும் ஒலித்தது. அந்த விற்பனையால் தமக்கு உரிமைத்தொகை எதுவும் வந்து சேரவில்லை என்று அவர் கூறினார். 2008-இல் சியாட்டிலின் லைட் இன் தி அட்டிக் நிறுவனம் அதை முறைப்படி மறுவெளியீடு செய்தது. 2012-இல் வந்த ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. எழுபது வயதில் அவர் பெரிய அரங்குகளில் பாடினார். சிகாகோவில் 2003-இல் தொடங்கப்பட்ட நியூமெரோ குரூப் போன்ற நிறுவனங்களும் மறக்கப்பட்ட கலைஞர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் கதையையும் பெயர்களையும் பதிப்பித்து வருகின்றன.

மறுபதிப்பு எல்லாமே நேர்மையானது என்று கொள்ள வேண்டாம். திருட்டுப் பதிப்புகளும் கடைகளில் அதே பளபளப்புடன் கிடைக்கின்றன. உறையின் பின்புறம் யாரிடம் உரிமம் பெறப்பட்டது என்ற வரி உள்ளதா, பதிப்பித்த நிறுவனத்தின் முகவரி உள்ளதா, கலைஞருடன் பேசி எழுதிய குறிப்பு உள்ளதா என்று பார்ப்பது நல்லது. உரிமம் பெற்றிருந்தாலும் பணம் தயாரிப்பாளருடன் நின்றுவிடுவதுண்டு. எனவே கலைஞரோ அவர் குடும்பமோ பங்கேற்ற பதிப்பை நாடுவதே மேல்.

சேகரிப்பாளர்களை ஒட்டுண்ணிகளாகச் சித்திரிப்பதும் நியாயமன்று. லாஸ் ஏஞ்சலிஸில் யுனிவர்சல் வளாகத்தில் 2008-இல் ஏற்பட்ட தீயில் மூல ஒலிநாடாக்கள் பல அழிந்தன. இழப்பின் அளவைப் பற்றித்தான் சர்ச்சை. மூலநாடா இல்லாத பாடலுக்கு எவரோ ஒருவரின் அலமாரியில் இருக்கும் தட்டே கடைசிச் சான்று. மறுபதிப்புகள் சில அத்தகைய தட்டுகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. நார்தர்ன் சோல் ரசிகர்கள், சொந்த நாடு மறந்துவிட்ட அமெரிக்கப் பாடகர்களை அழைத்து மேடையேற்றினர். வின்ஸ்டன்ஸ் குழுவின் ஸ்பென்சருக்காக 2015-இல் பிரிட்டன் டி.ஜே. ஒருவர் தொடங்கிய நிதிதிரட்டல் 24,000 பவுண்ட் சேர்த்தது. 'அமென், பிரதர்' பாடலால் தமக்குக் கிடைக்காத தொகையின் ஒரு சிறு பகுதி, 46 ஆண்டுகள் கழித்து, சட்டத்தின் வழியாக அன்றி ரசிகர்களின் மனச்சான்றின் வழியாக அவரைச் சென்றடைந்தது.

இசைத்தட்டை முதலீடாகக் கருதி இறங்குபவர்களுக்கு ஒரு சொல். வில்லியம் பாமோல் 1986-இல் பல நூற்றாண்டு ஓவிய விற்பனைகளை ஆராய்ந்து, பணவீக்கம் நீங்கலாக அவற்றின் ஆண்டு வருமானம் சராசரியாக ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்று காட்டினார். செய்தியாவது ஒரு லட்சம் பவுண்ட் தட்டு. செய்தியாகாதவை விலை இறங்கிய ஆயிரம் தட்டுகள். கேட்பதற்காக வாங்குபவர் ஒருபோதும் நட்டமடைவதில்லை. அவருக்குரிய வருமானம் அன்றாடம் செவி வழியாக வந்துவிடுகிறது.

2012-இல் இந்தியா பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திரைப்பாடல்களின் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க இயலாத உரிமைத்தொகையை உறுதி செய்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாயிற்று, இனிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. முதல் விற்பனையில் நம் நாட்டில் சாத்தியமான திருத்தம், அரிய பிரதியின் மறுவிற்பனையில் எந்த நாட்டிலும் சாத்தியமாகும்.

அதுவரை, நான் கடைப்பிடிக்கும் எளிய விதி ஒன்றை மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பேன். பழைய தட்டு ஒன்றுக்குப் பெருந்தொகை கொடுக்கும்போது, அதில் 10 சதவீதத்தை அதே கலைஞரின் உரிமம் பெற்ற மறுபதிப்புக்கோ, அவர் உயிருடன் இருந்தால் அவருடைய கச்சேரிக்கோ, அவர்களுக்கென இயங்கும் நிதிக்கோ ஒதுக்கலாம். நமது 53ஏ பிரிவு வகுத்த உச்ச அளவு அது. சட்டம் ஓவியருக்கு மட்டும் வழங்கியதை, ரசிகர் இசைக்கலைஞருக்குத் தாமாக வழங்கத் தடையேதும் இல்லை. ஏல நிறுவனங்களும் இணையச் சந்தைகளும் விற்பனைப் படிவத்தில் இதற்கென ஒரு கட்டத்தைச் சேர்ப்பது கடினமன்று.

சேகரிப்பவரிடம் தட்டு இருக்கிறது. விற்பவரிடம் பணம் சேர்கிறது. பாடியவர், வாசித்தவர் பெயரை ஒட்டுத்தாளிலிருந்து சுரண்டிய காலம் முடிந்துவிட்டது. விலையிலிருந்து அந்தப் பெயரைச் சுரண்டும் வழக்கமும் முடிவுக்கு வர வேண்டும்.